ஐந்து நாள் மேன்ஷன் வாசம்

திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லாமலே புரியும். படிப்பு, திறமை, ஜாதகம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். ரூமில் காற்று வரவில்லை, தண்ணீரில் ஒரு வாடை, பக்கத்துக் கட்டில்காரர் ராத்திரி 12 மணிக்குக் கதவைத் திறந்து திறந்து மூடுகிறார் என்றால் மறுநாள் ஆபீஸில் மனுஷன் உருப்படியாக ஒரு ஃபைல் பார்க்க முடியாது. அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ரூம் அப்படி.

இந்த வாரம் சொல்ல வந்ததும் ஒரு ரூமைப் பற்றித்தான். தங்கப் போகிறவர் சைஸ் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தங்குவது அதிகபட்சம் ஐந்தாறு நாள். பில் மட்டும் லட்சத்தில் வரும். டெஸ்ட் ட்யூப் பேபி என்று நாம் சொல்கிற ஐ.வி.எஃப். சிகிச்சையில், கரு அம்மாவின் வயிற்றுக்குள் போவதற்கு முன்னால் குடியிருக்கிற இன்குபேட்டர் பெட்டிதான் அந்த ரூம். (பெயரில்தான் ட்யூப். கரு வளர்வது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் தட்டில்.)

'கல்யாணமே ஆகலை, எனக்கு எதுக்கு சார் இது?' என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றாவது இந்தப் பிரச்னை வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. உங்கள் செக்‌ஷனில் 30 பேர் இருந்தால் ஐந்து பேர். அவர்கள் சொல்ல மாட்டார்கள். 'விசேஷம் ஒண்ணும் இல்லையா?' என்று கேட்பவர்களைக் கண்டால் பாத்ரூம் பக்கம் நழுவுவார்கள்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் அப்படித்தான் நழுவிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை சிகிச்சை, இரண்டும் ஃபெயில். பி.எஃப். லோன் ஒன்று, மனைவியின் நகை கொஞ்சம். டீக்கடையில் ஒருநாள் வாய் திறந்தார்.

"டாக்டரம்மா ரொம்ப நல்லவங்க சார். ஹால்ல மார்பிள், மீன் தொட்டி எல்லாம் பிரமாதமா இருக்கு. அவ உடம்புதான் ஏத்துக்கலைன்னு எங்கம்மா சொல்றாங்க."

"கருவை எந்த லேப்ல வளர்த்தாங்க? எம்பிரியாலஜிஸ்ட் யாரு?"

"அப்படின்னா?"

தப்பில்லை, யாருக்கும் தெரியாது. கருவியல் நிபுணர், அதாவது எம்பிரியாலஜிஸ்ட், ரிசப்ஷன் பக்கம் தலை காட்டுவதில்லை. முட்டையையும் விந்தணுவையும் சேர்த்து, ஐந்து நாள் கருவைக் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது அவர்தான். போர்டில் அவர் பெயர் அநேகமாக இருக்காது.

இது ஆதியிலிருந்தே வந்த வழக்கம். உலகின் முதல் டெஸ்ட் ட்யூப் குழந்தை 1978 ஜூலை 25-ம் தேதி இங்கிலாந்தில் ஓல்ட்ஹாமில் பிறந்தது. ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ என்று இரண்டு பெயரைத்தான் உலகம் நினைவில் வைத்தது. லேபில் அந்தக் கருவைக் கவனித்துக்கொண்டது ஜீன் பர்டி என்ற பெண்மணி, முன்னாள் நர்ஸ். ஆஸ்பத்திரி வாசலில் கல்வெட்டு வைத்தபோது அவர் பெயரையும் சேருங்கள் என்று எட்வர்ட்ஸ் எழுதிக் கேட்டும் சேர்க்கவில்லை. பர்டி 1985-ல், 39 வயதில் இறந்துபோனார். எட்வர்ட்ஸுக்கு 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, ரூமுக்குள் போவோம்.

சாதாரணமாகக் கரு உருவாவது கருக்குழாயில். அங்கிருந்து கருப்பைக்கு மெதுவாக உருண்டு வர மூன்று, நாலு நாள். அந்த வழியில் இருட்டு. 37 டிகிரி கதகதப்பு. ஆக்ஸிஜன் நாம் சுவாசிக்கிற காற்றில் இருப்பதைவிட ரொம்பக் குறைவு. இந்த மூன்றையும் ஒரு பெட்டிக்குள் கொண்டுவர வேண்டும். கேட்க சுலபம்.

முதலில் சூடு. முட்டைக்குள் குரோமோசோம்களைப் பிடித்து வரிசையில் நிறுத்தும் மெல்லிய இழைகள் இருக்கின்றன. முட்டை சில நிமிஷம் குளிர்ந்தால் போதும், அவை குலைய ஆரம்பிக்கும். அதனால்தான் மைக்ராஸ்கோப் மேடையைக்கூட சூடாக வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது புளிப்பு. கரு மிதக்கிற திரவத்தின் பி.ஹெச். 7.2-லிருந்து 7.4-க்குள் நிற்க வேண்டும். அதைப் பிடித்து நிறுத்துவது பெட்டிக்குள் 5, 6 சதவீதம் வைத்திருக்கும் கார்பன் டை ஆக்ஸைட். கோலி சோடாவை உடைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் 'சுர்' போய்விடுகிறதல்லவா, அந்த மாதிரி டிஷ்ஷை வெளியில் எடுத்தால் வாயு கிளம்பிப் போய் பி.ஹெச். ஏறிவிடும். இதைத் தாமதப்படுத்தத் திரவத்தின் மேல் எண்ணெய் ஊற்றி மூடுகிறார்கள்.

பெரிய பெட்டி ஒன்றில் பத்துத் தம்பதிகளின் டிஷ்கள் இருந்தால், ஒருவருடையதை எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் மற்ற ஒன்பது பேருக்கும் சூடும் வாயுவும் கலைகிறது. மேன்ஷன் டார்மிட்டரி! ஒவ்வொரு தம்பதிக்கும் தனி அறை உள்ள சின்ன பெஞ்ச் டாப் பெட்டிகள் வந்தது இதனால்தான். சிங்கிள் ரூம், அட்டாச்டு பாத்.

மூன்றாவது ஆக்ஸிஜன். உயிருக்கு ஆக்ஸிஜன் நல்லதாயிற்றே என்று பலகாலம் வெளிக்காற்று அளவான 20 சதவீதத்திலேயே கருவை வளர்த்தார்கள். கருவுக்கு அது ஓவர்டோஸ். 5 சதவீதம் போதும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2012-ல் கணக்குப் போட்டது. வெளிக்காற்று அளவில் 100-க்கு 30 குழந்தை பிறக்கிற கிளினிக்கில், ஆக்ஸிஜனைக் குறைத்தால் 32-லிருந்து 43 வரை போகலாம். புது மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை. வாயுவைக் கொஞ்சம் மாற்றினதற்கு இது.

நான்காவது வாசனை. 1997-ல் ஜாக்ஸ் கோஹெனும் சகாக்களும் ஐ.வி.எஃப். லேப்களின் காற்றை அளந்து பார்த்தார்கள். ஃபில்டர் போட்ட லேப் காற்றைவிட, இன்குபேட்டருக்குள் இருந்த காற்றைவிட, தெருக்காற்றே சில சமயம் சுத்தமாக இருந்தது! காரணம், தூசி ஃபில்டரில் மாட்டும், பெயின்ட், ஸ்பிரிட் மாதிரி ஆவியாகும் ரசாயனங்கள் மாட்டாது. புத்தம்புது பிளாஸ்டிக் டிஷ்ஷிலிருந்தே அவை கசிகின்றன. இன்று நல்ல லேப்களில் கார்பன் ஃபில்டர் இருக்கிறது. டிஷ்களைப் பிரித்து ஆறப் போட்டுவிட்டுத்தான் எடுக்கிறார்கள். லேப் ஆட்கள் சென்ட் போட்டுக்கொண்டு உள்ளே நுழையக் கூடாது. மாடியில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தால் கீழே கேஸை ஒத்திப்போடுவதுதான் முறை.

ஐந்தாவது சாப்பாடு. உப்புகள், சர்க்கரை, அமினோ அமிலம், புரதம் கலந்த திரவம் அது. அதன் பெயர் கல்ச்சர் மீடியம். பிராண்டுக்கு பிராண்ட் பக்குவம் வேறு. ஐந்து நாள் சாப்பாடுதானே என்று அலட்சியமாகச் சொல்ல முடியாது. நெதர்லாந்தில் 836 தம்பதிகளை இரண்டாகப் பிரித்து இரண்டு விதமான மீடியத்தில் கருவை வளர்த்தார்கள். முடிவு 2016-ல் வந்தது. ஒரு மீடியத்தில் வளர்ந்து பிறந்த குழந்தைகள் மற்றதைவிட சராசரியாக 158 கிராம் எடை குறைவு. பத்து மாசத்தில் முதல் சில நாள் மெஸ் சாப்பாடு தராசில் தெரிகிறது!

மெஸ்ஸில் தப்பு நடந்தால்? நடந்தது. 2023 டிசம்பரில் ஒரு அமெரிக்கக் கம்பெனி தன் மீடியத்தில் சில பேட்ச்களைத் திரும்பப் பெற்றது. அதில் மெக்னீசியம் விட்டுப்போயிருந்தது. எங்கள் கருக்கள் அதனால்தான் வளராமல் நின்றுபோயின என்று பல தம்பதிகள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். அந்த நோட்டீஸ் வருவதற்கு முன்னால் அந்தப் பெண்கள் என்ன நினைத்திருப்பார்கள்? 'என் முட்டை சரியில்லை. என் வயசு. என் பாவம்.' பாட்டிலில் ஒரு உப்பு குறைந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

உடனே, 'அப்படின்னா காஸ்ட்லி மெஷின் இருக்கிற இடத்துக்குப் போனா சரியாயிடும்' என்று முடிவு கட்ட வேண்டாம். பெட்டிக்குள்ளேயே கேமரா வைத்து, கருவை வெளியே எடுக்காமல் சில நிமிஷத்துக்கு ஒருமுறை படம் எடுக்கும் டைம் லாப்ஸ் இன்குபேட்டரை 'எக்ஸ்ட்ரா' என்று தனிக் கட்டணத்தில் விற்கும் கிளினிக்குகள் உண்டு. 2024-ல் 'லான்செட்' பத்திரிகையில் வந்த ஆய்வில் பிரிட்டனிலும் ஹாங்காங்கிலுமாக 1575 பேரை மூன்று கோஷ்டியாகப் பிரித்துப் பார்த்தார்கள். கேமரா படத்தை வைத்துக் கருவைத் தேர்ந்தெடுத்தபோது குழந்தை பிறந்தது 33.7 சதவீதம். அதே பெட்டியில் வளர்த்து, படத்தைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்தபோது 36.6. சாதாரணப் பெட்டியில் 33.0. புள்ளிவிவரக் கணக்கில் மூன்றும் ஒன்றுதான். கேமரா எம்பிரியாலஜிஸ்டுக்கு வசதி. குழந்தை கூடுதலாகப் பிறப்பதில்லை.

அந்த மூன்று எண்ணிலும் இன்னொரு செய்தி இருக்கிறது. நல்ல லேப், நல்ல மெஷின், நல்ல ஆட்கள் இருந்தும் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் குழந்தை பிறக்கவில்லை. நிறைய கருக்களில் குரோமோசோம் கணக்கு ஆரம்பத்திலேயே தப்பாக விழுந்திருக்கும். பெண்ணின் வயது ஏற ஏற இது கூடும். மோசமான லேப் நல்ல கருவைக் கெடுக்கலாம். பிரமாதமான லேப் கெட்ட கருவை நல்லதாக்க முடியாது. கையில் இருப்பதைக் கெடுக்காமல் ஐந்து நாள் காப்பாற்றிக் கொடுத்தாலே லேப் தன் வேலையைச் செய்துவிட்டது.

நம்மால் முடிந்தது கேள்வி கேட்பது. கருவைக் கையாளுகிற எம்பிரியாலஜிஸ்ட் யார், நிரந்தர ஆளா, வந்து போகிறவரா? ஆக்ஸிஜன் 5 சதவீதமா? ஒரு பெட்டியில் எத்தனை பேர் டிஷ்? கரெண்ட் போனால் என்ன ஏற்பாடு, ராத்திரி 2 மணிக்கு அலாரம் அடித்தால் யாருக்குக் கேட்கும்? வெற்றி 60 சதவீதம் என்றால் எதில், கர்ப்பம் பாசிட்டிவ் ஆனதிலா, கையில் குழந்தையோடு வீட்டுக்குப் போனதிலா? எங்கள் வயதுக்காரர்களுக்கு எவ்வளவு?

இதெல்லாம் அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த, உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் கிளினிக்குகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. வெற்றி வாய்ப்பு, சாதக பாதகம், செலவு எல்லாவற்றையும் தம்பதிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. பதில் சொல்லத் தெரிந்த லேப் சந்தோஷமாகச் சொல்லும். 'அதெல்லாம் எங்ககிட்ட விட்டுடுங்க சார்' என்றால் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

டீக்கடை இளைஞரிடம் இவ்வளவும் சொன்னேன். கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டார். "அப்ப யார் மேல சார் தப்பு?"

"அதை இப்ப யாராலயும் சொல்ல முடியாது. ஆனா உங்க வீட்ல ஒரு தீர்ப்பு ஏற்கெனவே ஆயிடுச்சு பாருங்க, அதை முதல்ல வாபஸ் வாங்குங்க. அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். அவங்க சொல்ல முடியாது."

கடைசியாக, கல்யாணம் ஆன, ஆகப்போகிற வாசகர்களுக்கு ஒன்று. ஒரு வருஷம் ஆகியும் குழந்தை இல்லையென்றால், மனைவியை ஸ்கேன், ஊசி, லேப்ராஸ்கோப்பி என்று அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் போய் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வலி கிடையாது, செலவும் கம்மி. அரை நாள் பர்மிஷன் போதும். லீவ் லெட்டரில் காரணம் எழுத வேண்டியதில்லை.