மாத்திரை எந்தத் துறைக் கணக்கில்?

டயாலிசிஸ் முடிந்ததும் வலிப்பு நோயாளிகளுக்கு அந்தப் பிரிவிலேயே கொடுத்துவந்த லெவெடிராசெட்டம் மாத்திரையை நிறுத்திய மருத்துவமனை நிர்வாகத்தின் சுற்றறிக்கை இன்னும் திரும்பப் பெறப்படவில்லை. ‘பிற துறை மருந்து’ என்பது காரணமாம். இனி நரம்பியல் பிரிவில் ஓ.பி. சீட்டுப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் ஷிப்ட் முடிந்து தள்ளாடி எழுந்து வருவதற்குள் அங்கே சீட்டு கொடுத்து முடித்துவிடுகிறார்கள்.

மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்கிறது நிர்வாகம். நரம்பியல் சீட்டில் தினசரி அளவுதான் இருக்கும். டயாலிசிஸ் நாளுக்கான கூடுதல் மாத்திரை கணக்கில் இல்லை என்று மருந்துக் கவுண்டரில் திருப்பி அனுப்புகிறார்கள்.

இந்த மருந்தைப் பெரும்பாலும் வெளியேற்றுவது சிறுநீரகம். அது செயலிழந்தவருக்கு அளவைக் குறைத்தே கொடுப்பார்கள். ஆனால் 4 மணி நேர டயாலிசிஸ், உடலில் இருப்பதில் ஏறக்குறைய பாதியை இழுத்துக்கொண்டு போய்விடும். அதை ஈடுகட்டத்தான் 250 முதல் 500 மில்லிகிராம் வரை, இயந்திரத்திலிருந்து கழற்றிய கையோடு கொடுப்பது. ஃபெனிட்டாயின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் அவ்வளவாகப் போவதில்லை, கபாபென்டின் போகும். எது போகும், எது நிற்கும் என்பது டயாலிசிஸ் பிரிவுச் செவிலியருக்குத் தெரியும். சுற்றறிக்கை எழுதியவர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 பேரில் ஒருவர், காரணம் சொல்ல முடியாதபடி திடீரென இறக்கிறார். பெருவலிப்பு கட்டுப்படாதவருக்கு ஆபத்து பல மடங்கு. பெரும்பாலும் இரவில், தனியாகப் படுத்திருக்கையில் நடக்கிறது. டயாலிசிஸ் நோயாளிக்கோ பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகும் அபாயம் ஏற்கெனவே உண்டு. இரண்டும் சேர்ந்தவரிடம்தான் மாத்திரையில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

டயாலிசிஸ் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் பராமரிப்பு ஒப்பந்தத்தைக் காலாவதியாக விட்டவர்களும் இவர்களே. தண்ணீரிலிருந்த அலுமினியத்தால் 1970களில் டயாலிசிஸ் நோயாளிகள் மூளை பாதித்து, வலிப்பு வந்து இறந்தது மருத்துவப் பாடநூலில் இருக்கிறது. புரட்ட நேரமில்லை போலும். ஆள் இல்லை என்று மூன்றாம் ஷிப்டை மூடினார்கள். பிறகு 4 மணி நேரத்தை 3 ஆக வெட்டினார்கள். ஒவ்வொரு முறையும் வெட்டிய பிறகு ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுக்களின் அறிக்கையைப் பார்த்தவர் யாரும் உண்டா? வெட்டுவதற்கு மட்டும் இவர்களுக்குக் குழு தேவைப்பட்டதே இல்லை.

இரு துறையினரும் உட்கார்ந்து பேசி ஏதாவது வழி செய்யட்டும். எப்படி என்பது அவர்கள் பாடு. அதுவரை மாத்திரை டயாலிசிஸ் பிரிவிலேயே இருக்கட்டும்; செலவை எந்தத் துறைக் கணக்கில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.