ஆகாரும் ஆறு மணி ஷிப்டும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆய்வுக்காகப் போய்வருகிறேன் என்று சொன்னால், தோழர்கள் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "கம்பெனிப் பொண்ணுங்க சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டா வர மாட்டேங்குறாங்க, ஜெபக் கூட்டத்துக்கு மட்டும் எப்படி வர்றாங்க?" கேள்வியிலேயே ஓர் ஏளனம் இருக்கிறது. பதில் சொல்லும் முன், அந்த ஜெபக் கூட்டங்களில் திரும்பத் திரும்பப் பேசப்படும் ஒரு கதையைப் பார்த்துவிடலாம்.

ஆதியாகமம் 16ஆம் அதிகாரம். ஆகார் எகிப்துக்காரி, அடிமை. எஜமானி சாராய்க்குப் பிள்ளை இல்லை என்பதால் இவளை ஆபிராமுக்குக் கொடுக்கிறார்கள். இவளுடைய விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. கர்ப்பமானபின் எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடுகிறாள். அந்த அதிகாரத்தில் ஆபிராமும் சரி, சாராயும் சரி, ஒரு தடவைகூட அவள் பெயரைச் சொல்வதில்லை. 'அடிமைப்பெண்', அவ்வளவுதான். நீரூற்றின் அருகே வந்த தூதன்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அவள் பதிலுக்குக் கடவுளுக்கே ஒரு பெயர் வைக்கிறாள்: எல் ரோயீ, காண்கிற கடவுள்.

லைன் நம்பராகவும் ஐடி கார்டாகவும் ஏஜென்சி ஆளாகவும் மட்டுமே அறியப்படுகிற ஒரு பெண்ணுக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கிறது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. நைட் ஷிப்ட் முடிந்து காலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறும் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: கேமராவும்தான் பாக்குதுக்கா, கர்த்தர் பாக்குறது வேற. கண்காணிப்புக்கும் காணுதலுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஆனால் அதே அதிகாரத்தில் தூதன் அவளைத் திரும்பிப் போய் எஜமானிக்கு அடங்கி இருக்கச் சொல்கிறான். கறுப்பினப் பெண் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் வெளிவந்த தன் நூலில் இந்த இடத்தை மழுப்பாமல் எதிர்கொண்டார். இங்கே கடவுள் விடுவிக்கிறவராக இல்லை, உயிரோடு இருக்க வழிகாட்டுகிறவராகத்தான் இருக்கிறார் என்றார். நம் ஊர்ப் போதகர்கள் பலருக்கோ இந்த வசனம் வசதியானது. பொறுத்துக்கொள், ஓவர்டைம் செய், கர்த்தர் பார்த்துக்கொள்வார். தோழர்களின் கோபம் இந்தப் பிரசங்கத்தின் மேல் என்றால் எனக்கும் அதில் பங்கு உண்டு.

இனி 2021 டிசம்பருக்கு வருவோம். ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதி ஒன்றில் சாப்பாடு கெட்டுப்போய் 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. இறந்துவிட்டார்கள் என்ற பேச்சும் பரவியது. 17ஆம் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். கூடப் படுத்து எழுந்தவளைக் கண்ணில் காட்டு என்பதுதான் அந்தக் கோபத்தின் சாரம். விடுதிகள் சிலவும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றதாக இல்லை என்று ஆப்பிளே அதன்பிறகுதான் ஒப்புக்கொண்டது. ஜெபம்தான் அவர்களைச் சாலைக்குக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. ஜெபம் அவர்களை அறைக்குள் உட்கார வைத்துவிடவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

மதுரை இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, நமக்குப் பறட்டை, இதை முன்பே பிடித்திருந்தார். பறையைத் தேவாலயத்துக்குள் கொண்டுபோன அவர் பேசியது 'ஒரு உலை' இறையியல்: ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதே வழிபாடு. விடுதிச் சாப்பாட்டுக்காக நடந்த ஒரு போராட்டத்தை இதைவிடப் பொருத்தமாக வேறெந்த இறையியலால் வாசிக்க முடியும்?

சபைக்குள்ளும் சாதி உண்டு, தனிக் கல்லறை உண்டு. அதைப் பேச இங்கே இடமில்லை. ஆனால் இந்தப் பெண்களில் பலரைக் காண மறுப்பது அரசும்தான். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராகிவிட்ட தலித், பட்டியல் சாதி இல்லை. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. இவர்களுக்குத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது. அதனால்தான் சான்றிதழில் ஒரு பெயர், சபையில் ஒரு பெயர். ஆகாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடவுளிடம் இவர்கள் எந்தப் பெயரில் பேசுகிறார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதல்வர் திறந்துவைத்தார். கட்டில், தண்ணீர், சமையல்கூடம் எல்லாம் முறையாக. செலவு 706 கோடி என்றார்கள். அடுத்தமுறை ஜெபக் கூட்டத்தைப் பற்றிக் கேட்கும் தோழர் அங்கே போகட்டும். அதற்கு முன், இடம் கிடைக்காமல் ஏஜென்சி விடுதிகளிலேயே இருப்பவர்களிடமும் போகட்டும். நோட்டீஸ் கொடுக்கும் முன் பெயர் கேட்கட்டும்.