எந்த நிறப் பொத்தானை அழுத்துவீர்கள்?

கைப்பேசியில் ஓர் இணையத்தளத்தைத் திறக்கிறீர்கள். "வாங்குக" என்ற பொத்தான் உங்களுக்குப் பச்சையாகத் தெரிகிறது. அதே பக்கத்தைத் திறந்த உங்கள் நண்பனுக்கோ அது சிவப்பு! இது பழுதாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் இருவரையும் வைத்து ஒரு சோதனை நடந்துகொண்டிருக்கலாம்.

சோதனை முறை எளியது. வருகிறவர்களை, நாணயம் சுண்டுவது போலத் தற்செயலாக, இரு குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்குப் பச்சை; மற்றதற்குச் சிவப்பு. நூற்றுக்கு எத்தனை பேர் பொத்தானை அழுத்தினர் என்று எண்ணுவார்கள். அதிகம் அழுத்தப்பட்ட நிறம் பிறகு எல்லோருக்கும் வந்துவிடும். கூகுள் நிறுவனம் இரண்டு நீலங்களுக்கு இடைப்பட்ட 41 சாயல்களை இவ்வாறு சோதித்ததாக 2009-இல் வெளியான செய்தி பலரை வியக்க வைத்தது.

இம்முறை கணிப்பொறியோடு பிறந்ததன்று, வயலில் வளர்ந்தது. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் 1919-இல் சேர்ந்தவர் ரொனால்டு ஃபிஷர். எந்த உரம் சிறந்தது என்று அறிய, நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைத் தற்செயலுக்கே விட வேண்டும் என்றார். ஏன்? நல்ல மண் உள்ள பாத்தியை, நமக்குப் பிடித்த உரத்துக்கு நம்மை அறியாமலே ஒதுக்கிவிடக் கூடும் அல்லவா?

ஆகவே பொத்தான் சோதனையை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்குவோரோடு நான் உடன்படவில்லை. ஆனால் "சோதித்துவிட்டோம், இனி மறுபேச்சில்லை" என்போரோடும் எனக்கு உடன்பாடில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதற் காரணம் கணக்கு. 1000 பேருக்குச் சிவப்பைக் காட்டியதில் 50 பேரும், வேறு 1000 பேருக்குப் பச்சையைக் காட்டியதில் 60 பேரும் அழுத்தினர் என்று கொள்வோம். பச்சை வென்றதா? அவசரப்படாதீர்கள். இரு குழுவுக்கும் ஒரே நிறத்தைக் காட்டினாலும், ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை இவ்வளவு அல்லது இதைவிட அதிக வேறுபாடு தற்செயலாகவே வரும். நிறங்கள் பெருகினால் சிக்கலும் பெருகும். நூற்றில் 5 தடவை ஏமாறலாம் என்ற அளவுகோலில் 40 புதிய நிறங்களைப் பழைய நிறத்தோடு ஒப்பிட்டால், உண்மையில் எதிலும் வேறுபாடு இல்லாதபோதும், சராசரியாக 2 நிறங்கள் வேறுபட்டவைபோல் தோன்றும்.

இரண்டாம் காரணம் இதைவிடப் பெரியது. எந்தச் சோதனையும் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். எத்தனை பேர் அழுத்தினர் என்று கேட்டால் அந்த எண் கிடைக்கும். அழுத்தியவருக்குப் பயன் கிடைத்ததா, பணம் வீணாயிற்றா, படிக்கும் நேரம் போயிற்றா என்பது அந்த எண்ணில் இல்லை. ஃபிஷர் அளந்தது விளைச்சலை. உழவருக்கு வேண்டியதும் அதுவே. பொத்தானில் அளக்கப்படுவது நிறுவனத்துக்கு வேண்டியது. அதுவே உங்களுக்கும் வேண்டியதாக இருக்கும் என்று என்ன உறுதி?

மேலும், பாத்திக்கு மனமில்லை, மனிதருக்கு உண்டு. 2012 ஜனவரியில் ஃபேஸ்புக் நிறுவனம் ஒரு வாரம், சுமார் 6,89,000 பேருக்குக் காட்டும் பதிவுகளில் மகிழ்ச்சியானவற்றை அல்லது துயரமானவற்றைக் குறைத்து, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தது. மாற்றம் மிகச் சிறிதே. ஆனால் 2014-இல் ஆய்வுக் கட்டுரை வெளியானபோது, சொல்லாமல் மனத்தைச் சோதிக்கலாமா என்று கடுங்கண்டனம் எழுந்தது. நிறத்தைச் சோதிப்பதும் இதே முறையில்தான்.

சோதனைகளைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எதை அளக்கிறோம் என்பதை நிறுவனங்கள் வெளிப்படையாகக் கூற வேண்டும். நீங்களும், "சோதனையில் நிரூபிக்கப்பட்டது" என்று யார் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்? எத்தனை வகைகளைச் சோதித்தீர்கள்? எதை அளந்தீர்கள்?

இன்று மாலையே ஒரு நாணயத்தை 100 தடவை சுண்டித் தலைகளை எண்ணுங்கள். மீண்டும் 100 தடவை சுண்டுங்கள். இரு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாணயத்தில் ஏதும் மாறவில்லை. எண் மட்டும் ஏன் மாறிற்று என்று வகுப்பில் பேசுங்கள்.