வண்டிக்கும் கொஞ்சம் மின்சாரம்!

கம்பம், சின்னமனூர், கோம்பையிலிருந்து உத்தமபாளையத்துக்குத் தினமும் வேலைக்கு வருவோர் பலர். சிலர் மின்சார ஸ்கூட்டரில் வருகிறார்கள். சொந்த வீட்டுக்காரர் இரவில் வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்வார். மாடியில் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்?

பகல் முழுவதும் வண்டி வேலை செய்யும் இடத்தில் சும்மாதானே நிற்கிறது! அங்கேயே சார்ஜ் போட விடலாம். அலுவலகத்தில் இருக்கும் மின் இணைப்பிலேயே இதைச் செய்யலாம் என்று 2022-ல் மத்திய அரசு வழி சொல்லியிருக்கிறது.

செலவு பெரிதா? இல்லை. ஸ்கூட்டர் பேட்டரி நிரம்பச் சுமார் 3 அல்லது 4 யூனிட் போதும். அதில் சில நாட்கள் வந்து போகலாம்.

ஆனால், கவனம் வேண்டும். எர்த் உள்ள நல்ல பிளக் வேண்டும், நிழல் வேண்டும். ஒட்டுப்போட்ட ஒயர் ஆபத்து!

இன்னொன்று: பஸ்ஸில் வரும் ஏழைத் தொழிலாளியை மறக்கக்கூடாது. வண்டி உள்ளவருக்கு மின்சாரம் என்றால், அவருக்குப் பஸ் கட்டணத்தில் உதவி வேண்டும். சலுகை எல்லோருக்கும் பொது.

1958-ல் லோயர்கேம்ப்பில் பெரியாற்றுத் தண்ணீர் மின்சாரம் தரத் தொடங்கியது. வண்டி மாட்டுக்கு வைக்கோல் போட்டு உபசரித்த மண் இது. முதலாளிகளே, மின்சார வண்டிக்கும் மனம் வையுங்கள். ஒரு பிளக்கில் தொடங்குங்கள்!