பச்சை விளக்கு எரிஞ்சா போதுமா?

டெலிகாம் ரேக்ல புதுசா ஒரு ஈதர்நெட் கார்டு போடறது பெரிய வித்தை இல்லைங்க. மணிக்கட்டுல எர்த் ஸ்ட்ராப் மாட்டணும், கார்டை ஸ்லாட்டுல நேரா தள்ளணும், ரெண்டு திருகை முடுக்கணும். பத்து நிமிஷ வேலை. விளக்கு பச்சையா எரியும். லேப்டாப்பைச் செருகி பிங் அடிச்சா நாலும் திரும்பி வரும். தாள்ல கையெழுத்து வாங்கிட்டு அடுத்த சைட்டுக்கு பஸ் ஏறிடலாம்.

மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர்னு இந்தப் பக்கம் சுத்தற நம்ம ஊர் டிப்ளமோ பசங்க நிறைய பேரு இந்த வேலைதான் பாக்கறாங்க. என் கட்சி என்னன்னா, மேல சொன்னதுல சோதனைன்னு ஒண்ணு நடக்கவே இல்லை.

விண்டோஸ் பிங் அனுப்பறது வெறும் 32 பைட் டேட்டா, அதுவும் நாலே தடவை. பாலத்து மேல ஒரு சைக்கிளை ஓட்டிப் பாத்துட்டு லாரியும் தாங்கும்னு எழுதிக் குடுக்கற கதைதான் இது.

என்னென்ன தப்பும்னு பாருங்க. ஒரு பக்கம் 100 ஃபுல் டூப்ளெக்ஸ்னு கட்டாயமா வச்சிருப்பாங்க, மறுபக்கம் ஆட்டோல இருக்கும். ஆட்டோ பக்கத்தால வேகத்தைத்தான் கண்டுபிடிக்க முடியும். டூப்ளெக்ஸ் தெரியாததால விதிப்படி ஹாஃபுக்கு இறங்கிடும். விளக்கு பச்சை, பிங் ஓகே. கூட்டம் வர்ற நேரத்துல லைன் நொண்டும்.

இன்னொண்ணு. எஸ்.டி.எச். மேல ஓடற ஈதர்நெட்ல ஒரு விசி-12 தாங்கறது சுமார் 2.17 எம்பி. அஞ்சு குடுத்தா 10 எம்பி லைன். 20 எம்பி வித்துட்டு அஞ்சே அஞ்சு குடுத்திருந்தாலும் போர்ட் 100னுதான் காட்டும். முழு லோடு குடுத்துப் பாத்தாதான் வேஷம் கலையும்.

அப்புறம் விலான் டேக். 1518 பைட் ஃபிரேம் 1522 ஆயிடும். நடுவுல இருக்கற ஏதோ ஒரு பழைய பெட்டி அதை ஏத்துக்காம சத்தமில்லாம கீழே போட்டுடும். லாகின் ஆகும், அட்டாச்மென்ட் மட்டும் போகாது.

கற்பனை இல்லைங்க. ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். ஸ்கேன் படத்தைப் பெரிய ஊர் டாக்டருக்கு அனுப்பினா பாதியில நிக்கும். மூணு மாசம் சாஃப்ட்வேரைத் திட்டிட்டு இருந்தாங்க. நான் போய் கவுன்ட்டரைத் திறந்தா எஃப்.சி.எஸ். பிழை ஆயிரக்கணக்குல. சாதா டூப்ளெக்ஸ் தகராறு. போட்ட அன்னிக்கு லோடு குடுத்திருந்தா அரை மணியில தெரிஞ்சிருக்கும். அந்த மூணு மாசத்துல எத்தனை நோயாளி காத்துக் கிடந்தாங்களோ.

"முழு டெஸ்ட்டுக்கு நேரம் எங்கய்யா?"ன்னு மேனேஜர்கள் கேப்பாங்க. கேள்வி நியாயம்தான். 1999ல வந்த ஆர்.எஃப்.சி. 2544ஐ எழுத்துப்படி செஞ்சா, ஏழு ஃபிரேம் அளவு, அளவுக்கு 20 தடவை, தடவைக்கு 2 நிமிஷம். லேட்டன்சிக்கு மட்டும் 280 நிமிஷம் ஆகும். ஆனா அது லேபுக்கு எழுதினது. ஓடற நெட்வொர்க்ல அதை ஓட்டாதீங்கன்னு 2012ல ஆர்.எஃப்.சி. 6815 தனியாவே சொல்லிடுச்சு. புது சர்வீஸைத் திறக்கறதுக்குன்னே 2011ல ஐ.டி.யு.வோட ஒய்.1564 வந்தாச்சு. அதுல சர்வீஸ் ஓட்டத்துக்கு 15 நிமிஷம், 2 மணி, 24 மணின்னு மூணு அளவு இருக்கு. குறைஞ்சது அந்த 15 நிமிஷமாவது குடுங்க. முடிஞ்சா ராத்திரி முழுக்க ஓட விடுங்க. வாடிக்கையாளர் டிராஃபிக் ஏறிட்டா அப்புறம் லைனை நிறுத்தி முழு லோடு குடுக்க எவனும் விடமாட்டான். சோதிக்க இருக்கற ஒரே நாள் கார்டு போடற நாள்தான்.

நிஜமான சிக்கல் நேரத்துல இல்லை, கூலியில இருக்கு. பசங்களுக்கு சைட் கணக்குல காசு. "ஃபெயில்"னு எழுதினா மறுபடி வரணும், பஸ் காசு கையை விட்டுப் போகும், அன்னிக்கு வருமானம் பூஜ்யம். அப்புறம் எவன் ஃபெயில்னு எழுதுவான்? உண்மை சொன்னா நஷ்டம்னு ஏற்பாடு பண்ணி வச்சுட்டு, பின்னாடி பிரச்சினை வந்ததும் ஹிந்தி சரளமா வராத பையன் தலையில பழியைப் போடறது என்ன நியாயம்?

செய்ய வேண்டியது ரெண்டே விஷயம். ரீடெஸ்ட்டுக்கும் கூலி குடுக்கணும். டிக் அடிச்ச தாளை ஏத்துக்காம, டெஸ்டர் மெஷின் எழுதின ஃபைலையே ரிப்போர்ட்டோட கேக்கணும்.

உங்க வீட்டுத் தம்பியோ மச்சானோ இந்த வேலையில இருந்தா ஒண்ணு சொல்லி வைங்க. அந்த ஃபைல்ல ஒரு காப்பியைத் தன்கிட்ட பத்திரமா வச்சுக்கச் சொல்லுங்க. நாளைக்கு யாராவது விரலை நீட்டினா, பாஷை தெரியாத ஊர்ல அவனுக்காகப் பேசப்போறது அது ஒண்ணுதான்.