தன்மண்டி வீடு சொல்லும் பாடம்

பங்களாதேஷின் தலைநகர் டாக்காவில், தன்மண்டி 32 ஆம் இலக்க வீதியில் ஒரு வீடு இருந்தது. அந்நாட்டின் ஸ்தாபகத் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான் 1961 ஆம் ஆண்டு முதல் வாழ்ந்த அவ்வீடு, 1994 ஓகஸ்டில் நினைவு நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. 2024 ஓகஸ்ட் 5 ஆம் திகதி, அவரது புதல்வியான ஷேக் ஹசீனாவின் ஆட்சி வீழ்ந்த அன்றே அது தீக்கிரையாக்கப்பட்டது. எஞ்சிய சுவர்களும் 2025 பெப்ரவரியில் மக்கள் கூட்டமொன்றினால் இடித்துத் தள்ளப்பட்டன.

1971 மார்ச் 25 ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளையில் பாகிஸ்தான் இராணுவம் முஜிபைக் கைதுசெய்ததும், 1975 ஓகஸ்ட் 15 ஆம் திகதி அதிகாலையில் அவரது சொந்த நாட்டு இராணுவ அதிகாரிகள் அவரையும் மனைவியையும் பத்து வயதுச் சிறுவன் உட்பட மூன்று புதல்வர்களையும் கொன்றொழித்ததும் இவ்வீட்டிலேயேயாகும். அவர் வீழ்ந்த படிக்கட்டும் சுவர்களைத் துளைத்த சன்னங்களின் தடயங்களும் அவ்வாறே பேணப்பட்டிருந்தன. அவற்றைப் பார்வையிடும் எவரும் அரசியல் வேறுபாடுகளைக் கடந்து ஒரு கணம் மௌனித்தே நின்றிருப்பர்.

அவ்வாறாயின் மக்களின் சினம் அவ்வீட்டின் மீது திரும்பியது ஏன்? 2009 முதல் 2024 வரையிலான ஆட்சி, முஜிபை முழு நாட்டினதும் தலைவராக அன்றி ஒரு கட்சியின் கேடயமாகவே பயன்படுத்தியது. அவரது உருவப்படத்தை அரச அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் வைக்க வேண்டுமென 2011 இல் அரசியலமைப்பே விதித்தது. அவருக்கு எதிரான பிரசாரம் 2018 ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. வங்க மக்களின் உரிமைக்காகப் பல ஆண்டுகள் சிறையிருந்தவர் அவர் என்பது உண்மை. அதேவேளை, 1974 ஆம் ஆண்டின் பஞ்சமும், 1975 இல் ஒரு கட்சி ஆட்சியை ஏற்படுத்தி நான்கு நாளிதழ்களை மாத்திரம் அனுமதித்தமையும் அவரது வரலாற்றின் பகுதிகளே. விமர்சனத்துக்கு இடமளிக்காத மரியாதை, ஆட்சி மாறும்போது வெறுப்பாக மாறுவது வியப்பன்று.

ஆயினும் இடிப்பை எம்மால் நியாயப்படுத்த முடியாது. 2024 போராட்டத்தின்போது 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாமென ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. அவர்களது நினைவாக, முன்னாள் பிரதமரின் வாசஸ்தலத்தை நூதனசாலையாக்க இடைக்கால அரசு தீர்மானித்தது. அது அவசியமானதே. எனினும் வென்றவர்களின் கதையை மாத்திரம் அதுவும் கூறுமாயின், அடுத்த ஆட்சி மாற்றத்தில் அதற்கும் இதே கதி நேரலாம்.

இது எமக்கும் புதியதல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரியில் இடிக்கப்பட்ட முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி அதே ஆண்டில் மீண்டும் எழுப்பப்பட்டது. 1990 இல் தொழுகையில் ஈடுபட்டிருந்தோர் கொல்லப்பட்ட காத்தான்குடிப் பள்ளிவாசலின் சுவரில் சன்னங்களின் தடயங்கள் இன்றும் பேணப்படுகின்றன. ஒரு சமூகத்தின் நினைவிடத்தின் முன் மற்றைய சமூகத்தவரும் தலைதாழ்த்தி நிற்கும் நிலை உருவாகும் வரை, எந்த நினைவிடமும் பாதுகாப்பானதல்ல. தன்மண்டியின் இடிபாடுகள் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் உணர்த்தும் பாடம் இதுவே என நாம் கருதுகின்றோம்.