மலை அட்டையும் கடலட்டையும்

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் வாழும் நேயர்களுக்கு அட்டையை நாம் அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. மழை பெய்த மறுநாள் தேயிலை மலைக்கு ஏறுவோரின் காலை அது தானே தேடிவந்து பற்றும். அப்பெயரையே பூண்ட மற்றோர் உயிர் யாழ்ப்பாணம், மன்னார்க் கடல்களின் அடித்தளத்திற் கிடக்கின்றது. அதுவே கடலட்டை.

பெயர் ஒன்றாயினும் இனம் வேறு. மலை அட்டை மண்புழுவின் சுற்றம். கடலட்டையோ நட்சத்திர மீனின் சுற்றம். முன்னதன் வாயில் மூன்று தாடைகளும் நுண்ணிய பற்களும் உண்டு. பின்னதற்கு அவை இல்லை. மீனவர் வெள்ளை அட்டை என்றழைக்கும் கடலட்டையின் வாயைச் சுற்றி, விரித்த குடைபோன்ற நுனியுடைய 20 பரிசக்கொம்புகள் உள்ளன. அவையே அதற்கு உணவூட்டுங் கைகள்.

ஒரு கொம்பை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமூட்டி, நுணுக்குக்காட்டியிற் பார்ப்போமாயின் அதன் அமைப்புப் புலப்படும். புறத்தே மேலணி, அதனிடையே பசைபோன்ற பொருளைச் சுரக்குங் கலங்களும் உணர்ச்சிக் கலங்களும் காணப்படும். அதன்கீழே நரம்பும் தொடுப்பிழையமும், இன்னும் உள்ளே நீளவாட்டில் அமைந்த தசைநார்கள், நடுவே நீர்க்கால்வாய். நீர் உட்புகக் கொம்பு நீளும். தசை சுருங்க உள்வாங்கும். நுனியிலுள்ள நுண்முனைப்புகளில் மண்ணும் மக்கிய பொருளும் ஒட்டிக்கொள்ள, கொம்புகள் ஒன்றன்பின் ஒன்றாய் வாயினுட் சென்று அவற்றை விட்டு மீளும். கொழுந்தைக் கிள்ளிக் கூடையிலிடும் நம் தாய்மாரின் விரல்கள் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

பின்னாளிற் கொழும்பு நூதனசாலையின் தலைவராய் விளங்கிய யோசேப் பியர்சன், மன்னார்க் குடாவின் கடலட்டைகளைப் பற்றி 1903இல் அறிக்கை எழுதினார். தோலிலுள்ள மேசை, பொத்தான் வடிவான சுண்ணத் துணிக்கைகளைக் கொண்டே அறிஞர் அவற்றை இனம் பிரித்தறிவர்.

மண்ணை விழுங்கி, உணவைக் கொண்டு, எஞ்சியதை வெளியே தள்ளுவதால், நிலத்தில் மண்புழு செய்யும் பணியைக் கடலடியில் இது செய்கின்றது. ஆயினும் சீன தேசத்து விருந்துகளுக்காகப் பெருமளவிற் பிடிக்கப்பட்டு, பல இடங்களில் அருகிவிட்டது. இந்தியா 2001இல் அதைப் பிடிப்பதை முற்றாகத் தடைசெய்தது. தூத்துக்குடியில் 1988இல் வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிக்கச்செய்து வெற்றி கண்டனர். இன்று நம் வடபகுதியிற் பண்ணைகளும் உள. ஆனால், பண்ணையில் வளர்வது சந்தைக்குப் போய்விடும். கடலடி மண்ணைப் புரட்டுதற்கு வேலிக்கு வெளியே எஞ்சியிருப்பனவே வேண்டும்.

மேல்மண் கெட்டால் தேயிலை என்னவாகும் என்பதை மலைநாட்டார் நன்கறிவர். கடலுக்கும் மண் உண்டு. அதற்கும் காவல் வேண்டும்.